முதலில் தண்ணீர், பிறகே கொள்ளு

புதுச்சேரி முல்லா வீதியில் என் அக்காள் வசிக்கும் வீட்டின் மாடியறைக்கு ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் வெள்ளையடிப்பது வழக்கம். பாரீசை அடுத்த சார்செல் நகரில் குடியிருக்கும் அவர் மகன், மனைவி மக்களோடு ஜூலையில் வந்து இறங்குவான். ஆகஸ்டு இறுதிவரை அவ்வீட்டில் பேச்சும் சிரிப்பும் அடங்காது. சென்ற ஆண்டும் வெள்ளையடித்தாயிற்று. புதிய பாய்களும் வாங்கியாயிற்று. அதன் பிறகுதான் தொலைபேசி வந்தது. "உம்மா, இந்த ஜூலையில் வரமுடியாது. டிசம்பரில் இன்ஷா அல்லாஹ் வருகிறோம். பிள்ளை ஆசைப்படுகிறாள், ஒரு வாரம் குதிரையில் கிராமப்புறம் சுற்றப் போகிறோம்" என்றான்.

அக்காள் மறுமொழி கூறவில்லை. தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அடுக்களைக்குள் போனவர், அங்கிருந்தே ஒரு வார்த்தை சொன்னார்: "பெத்தவளைவிடக் குதிரை உறவாப் போச்சு!"

இவ்வூர் நிலை அறியாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசிடம் வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்டு 16ஆம் நாளில். அன்று தொட்டு ஆறு மாத காலத்திற்குள் விரும்பியவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்தவர்களுள் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றோரை இவ்வூரார் 'சொல்தா' என்பர். அக்காளின் மாமனார் அத்தகைய சொல்தா. ஆகவே அவர் பேரப்பிள்ளைகள் பிரான்சில் பிறந்து, பிரான்சில் படித்து, கோடைதோறும் முல்லா வீதிக்கு வந்துபோகும் பறவைகளாயினர்.

டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். ஒரு முன்னிரவில், இஷாத் தொழுகைக்குப் பின் மொட்டைமாடியில் பாய் விரித்து அமர்ந்தபோது, என் மருமகன் அந்தக் குதிரைப் பயணத்தின் கதையைச் சொன்னான். கேட்கும் விருப்பமில்லாதவர்போல் அக்காள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அவன் மகளுக்கு வயது பதினான்கு. ஈராண்டுகளாகத் தந்தையிடம் அவள் பேசுவது குறைந்து, ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் வந்து நின்றிருந்தது. வீட்டில் தமிழ், வெளியில் பிரெஞ்சு, இடையில் கைப்பேசி. சனிக்கிழமைதோறும் குதிரையேற்றப் பள்ளிக்குச் செல்வதில் மட்டும் அவளுக்கு ஆர்வம் குன்றவில்லை. பிரான்சில் இது அரிய செய்தியன்று. அந்நாட்டுக் குதிரையேற்றச் சங்கத்தில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உறுப்பினர்கள். அவர்களுள் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். பள்ளி முதல்வரை நாம் விசாரிப்பதுபோல், அங்குள்ள பெற்றோர் குதிரை லாயக்காரரை விசாரித்துப் பிள்ளையைச் சேர்க்கின்றனர். "விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்று தந்தை கேட்டபோது, "நீங்களும் குதிரையில் ஏறுவதானால் எங்கே வேண்டுமானாலும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

அவர்கள் தேர்ந்தது லுவார் ஆற்றை ஒட்டிய தூரேன் வட்டாரம். பாரீசிலிருந்து தூர் நகருக்கு அதிவேக இரயிலில் ஏறத்தாழ ஒருமணி நேரந்தான். ஆற்றங்கரை, திராட்சைத் தோட்டம், கோதுமை வயல், நடுவே பழைய அரண்மனைகள். குதிரைகள் செல்வதற்கென்றே ஆரஞ்சு வண்ணக் கோடு தீட்டிக் குறித்த வழிகள் நாடெங்கும் உள்ளன. ஏறத் தெரியாத தாய்க்கும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கும், மூட்டை முடிச்சுகளுக்கும், ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி ஒன்று பின்னால் வந்தது. வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார்.

"முதல் நாளே அந்தம்மா எங்களைக் கிறங்க அடிச்சுட்டாங்க மாமு" என்றான் மருமகன். காலை உணவு மேசையில் ரொட்டியும் முட்டையும் ஆறிக்கொண்டிருக்க, ஒருவரையும் அமரவிடவில்லையாம். குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உலர்புல் போட்டு, நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கல்லும் மண்ணும் நீக்கி, முதுகைத் துலக்கி, சேணத்தின் அடித்துணியில் மடிப்பு இல்லையெனத் தடவிப் பார்த்து, பிறகே மனிதர்களுக்கு உணவு. அடித்துணியில் ஒரு சிறு மடிப்பு இருந்தாலும் மாலைக்குள் குதிரையின் முதுகு புண்ணாகிவிடுமாம். நண்பகலில் ஓய்வுக்கு நின்றதும் விலாவைக் கவனித்து மூச்சை எண்ண வேண்டும். ஓய்விலிருக்கும் குதிரை நிமிடத்திற்கு ஏறத்தாழ எட்டு முதல் பதினாறு முறையே மூச்சு விடும். அந்தக் கணக்கிற்கு அது இறங்கும்வரை தீவனத்தைக் கண்ணில் காட்டலாகாது. கோடையில் ஒரு குதிரை நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்கும் மேல் நீர் பருகும். எனவே எந்த ஊரில் தங்குவது என்பதை மனிதரின் வசதி தீர்மானிப்பதில்லை. குதிரைக்கு நிழலும் நீரும் கிடைக்கும் இடமே தீர்மானிக்கிறது.

நடை வேகத்தில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. காரில் கால்மணி நேரத்தில் கடக்கும் தொலைவிற்கு ஒரு பகல் முழுதும்!

மருமகனுக்கு வாய்த்த குதிரை வழியோரப் புல்லைக் கண்டால் அசையாதாம். இவன் கடிவாளத்தை இழுக்க, அது தலையைக் குனிய, இவன் கழுத்தின்மேல் சரிய, பின்னால் வண்டியிலிருந்த மகன் கைகொட்டிச் சிரித்திருக்கிறான். மகள் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "அத்தா, கையால் இழுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். நீங்கள் பயந்தால் அதற்கும் தெரியும்" என்றாளாம். அலுவலகத்தில் முப்பது பேரை மேய்ப்பவன் அன்று முழுதும் மகள் சொன்னபடி கேட்டு நடந்தான். மூன்றாம் நாள் அவள் தானாகப் பேசத் தொடங்கினாள். பள்ளியில் தன் பெயரைக் கேலி செய்த ஒருத்தியைப் பற்றிப் பேசினாள். ஓராண்டாக எவரிடமும் சொல்லாத செய்தி அது. இருவர் குதிரையும் அருகருகே நடக்க, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையின்றி, வழியைப் பார்த்தபடியே அவள் சொல்லி முடித்தாள். "வீட்டில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்" என்றான். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காளின் கை அப்போது சற்றே நின்றதை நான் கண்டேன்.

இத்தகைய பயணம் மேற்கொள்ள எண்ணும் நம்மவர் கேட்கக்கூடிய சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்து விடுதிகளில் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. முட்டை, மீன், காய்கறி என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் சமைத்துத் தருகின்றனர். இவர்கள் ஒரு பையில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோயிருந்தார்கள். ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். இஷா நேரம் வரவோ நள்ளிரவு நெருங்கும். பகலெல்லாம் சவாரி செய்து களைத்தவருக்கு இது எளிதன்று. பயணிக்குரிய சலுகையை நம் மார்க்கம் அளித்திருப்பதன் அருமை அப்போது தெரியும் என்றாள் மருமகள். சாணம் பட்ட காற்சட்டையையும் காலணியையும் களைந்துவிட்டுத் தொழுவதற்கெனத் தனி உடை வைத்திருந்தார்கள். தலைக்கவசமின்றி அங்கே எவரையும் ஏற்றவில்லை. மகள் தலைத்துணியின்மேல் அதனை அணிந்துகொண்டாள்.

பெண்பிள்ளை குதிரை ஏறலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். வாகனமேறும் அரபுப் பெண்களுள் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதாக ஹதீஸ் உள்ளது. உம்மு ஹராம் (ரலி) அம்மையார் கடல்கடந்து சைப்ரஸ் சென்று, அங்கே வாகனத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தார்கள். அவர்களது அடக்கவிடம் லார்னகாவில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்ற அறிவுரை கலீபா உமர் (ரலி) அவர்கள் பெயரால் வழங்கி வருகிறது. அதில் ஆண், பெண் என்ற பிரிவினை இல்லை. உடையும் உடன்செல்வோரும் முறையாக இருந்தால் போதும் என்றேன். பெரியவர், "விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா யாரு கட்டுவா?" என்றார். அவர் கவலை மார்க்கம் பற்றியதன்று எனத் தெரிந்துகொண்டேன்!

ஐந்தாம் நாள் அவர்கள் அம்புவாஸ் என்னும் ஊரை அடைந்தார்கள். ஆற்றை நோக்கி உயர்ந்து நிற்கும் அரண்மனைத் தோட்டத்தில், எவரும் எதிர்பாராத விதமாக, முஸ்லிம்களின் அடக்கத்தலம் ஒன்று இருக்கிறது.

அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரை நம் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். பிரெஞ்சுப் படையைப் பதினைந்து ஆண்டுகள் எதிர்த்து நின்றவர். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பிவைப்பதாகத் தளபதிகள் தந்த வாக்கை நம்பி, 1847 டிசம்பரில் சரணடைந்தார். வாக்குக் காப்பாற்றப்படவில்லை. தூலோன், போ என்னும் ஊர்களில் சிறைவைக்கப்பட்டு, 1848 நவம்பரில் குடும்பத்தார், பரிவாரத்தாருடன் அம்புவாஸ் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டார். குளிரும் ஏக்கமும் பலரைக் கொண்டுபோயின. அமீரின் குடும்பத்தாரும் பரிவாரத்தாருமாக இருபத்தைந்து பேர் அங்கே அடங்கியிருக்கின்றனர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. 1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். பின்னாளில் திமிஷ்கில் குடியேறிய அமீர், 1860இல் அங்கே கலகம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைக் காத்தார் என்பது உலகறிந்த வரலாறு. அடக்கத்தலத்தில் இன்று காணும் கற்களை அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குரைஷி 2005இல் அமைத்தார். அரபு எழுத்துப் பொறித்த சதுரக் கற்கள். வரிசை வரிசையாக இருபத்தைந்து.

இதில் நம் கதைக்குரிய செய்தி வேறொன்று. பிரெஞ்சுத் தளபதி தோமா என்பவர் சகாராக் குதிரைகள் பற்றி 1851இல் நூலொன்றை வெளியிட்டார். அதன் பிந்திய பதிப்பில் அமீர் அப்துல் காதிர் எழுதிய குறிப்புகள் சேர்ந்தன. எதிரியாக நின்றவர் கேட்க, நாட்டையும் குதிரையையும் இழந்த மனிதர், குட்டியை வளர்ப்பது எவ்வாறு, எப்போது நீர் காட்டுவது, எந்த நிறக் குதிரை எப்படி ஓடும் என்றெல்லாம் நினைவிலிருந்து எழுதித் தந்தார்.

மருமகனின் மகள் அந்தக் கற்களில் இருந்த அரபு எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படித்தாளாம். பிறகு கேட்டாளாம்: "அத்தா, ராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்று சொன்னீர்களே, நம் வீட்டில் கடைசியாகக் குதிரை வைத்திருந்தவர் யார்?"

கேள்வி நியாயமானது. குதிரைக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கின்படி, பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இந்தக் கரைகளுக்கு வந்தன. கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் மட்டும் 1,400 குதிரைகள் அனுப்பினார். ஒன்றின் விலை 220 பொன் தீனார். கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை தந்தான். ஆனால் அதே காலத்தில் காயலுக்கு வந்த மார்கோ போலோ எழுதியிருப்பது வருத்தத்திற்குரியது: வாங்கிய குதிரைகளைப் பேணும் முறை அறியாமல் பெரும்பாலானவற்றைச் சாகவிட்டனராம்; வேகவைத்த சோறும் இறைச்சியும் ஊட்டினராம். குதிரையை வைத்துக்கொள்பவர் மூவகையினர் என்றும், ஒருவருக்கு அது நன்மை, ஒருவருக்குப் பாதுகாப்பு, மற்றவருக்குச் சுமை என்றும் நபிமொழி இருக்கிறது. பாண்டியனுக்கு எது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தனை பழங்கதை சொல்லும் நான், அந்தச் சிறுமியின் கேள்விக்கு மருமகன் என்ன விடை தந்தான் என்று மட்டும் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "தெரியாதுன்னுட்டேன் மாமு."

அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. காரணம் நான்.

எங்கள் அத்தா ஜட்கா ஓட்டினார். புதுச்சேரி இரயில் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தி, வில்லியனூர்வரை சவாரி போவார். பள்ளியில் என்னருகே உட்கார்ந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குதிரை நாத்தம்" என்றதை அறுபதாண்டு கடந்தும் மறக்க முடியவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் 'வியாபாரம்' என எழுதினேன். மருமகன் சிறுவனாயிருந்தபோது கேட்டதற்குப் 'போக்குவரத்துத் தொழில்' என்றேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. பத்திரிகையில் மாதந்தோறும் பத்தி எழுதுபவனுக்குச் சொற்களை மறைவிடமாக ஆக்கிக்கொள்வது கடினமான வேலையா என்ன?

மொட்டைமாடியில் யாரும் பேசவில்லை. அப்போதுதான் அக்காள் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஏம்மா இங்க வா" என்று பேத்தியை அழைத்தார். "உங்க அத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்க அத்தா வச்சிருந்துச்சு. பேரு சுல்தான். சிவப்புக் குதிரை, நெத்தியில வெள்ளை."

அவள் தமிழைப் புரிந்துகொள்வாள். விடைதான் தயங்கித் தயங்கி வரும். அருகில் வந்து அமர்ந்தாள். அக்காள் சொல்லச் சொல்ல நானே மறந்துபோன விவரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வண்டியை அவிழ்த்ததும் அத்தா வீட்டுக்குள் வரமாட்டார். வைக்கோலைச் சுருட்டிக் குதிரையின் முதுகைத் தேய்ப்பார். தெருவில் இரண்டு நடை நடத்துவார். விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மூச்சு அடங்கியதா என்று பார்க்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, ஏதோ ஓதுகிறார் என்றே நினைத்திருந்தோம். அதன்பின் தண்ணீர். அதன்பின் ஊறவைத்து அவித்து ஆறவைத்த கொள்ளு. அந்தக் கொள்ளை அவிப்பது அக்காளின் வேலை. "முதல்ல தண்ணி, அப்புறந்தான் கொள்ளு. மாத்திக் கொடுத்தா வயித்து வலி வந்து செத்துப்போயிடும். ஒரு நாள் மாத்திட்டேன். அத்தா என்னை அடிக்கல. ராத்திரி பூரா சுல்தான் கூடவே நின்னுச்சு. நானும் நின்னேன்."

சிறுமியின் முகம் மாறியதைச் சொல்ல வேண்டும். "அந்த மேடமும் இதையேதான் சொன்னார், நன்னி! தண்ணீர் முதலில்!" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து கூவினாள். பிறகு இருவருக்கும் இடையே நடந்த உரையாடலில் எங்களுக்கு இடமில்லை. குளம்பில் கல் சிக்கினால் எப்படித் தெரியும்? காதைப் பின்னால் மடக்கினால் என்ன பொருள்? லாடம் எத்தனை நாளைக்கு ஒருமுறை? எழுபத்தெட்டு வயது மூதாட்டியும் பதினான்கு வயதுச் சிறுமியும் கைகளாலேயே பாதி பேசினார்கள். ஐந்தாறு கோடை விடுமுறைகளில் பேசாத அளவு அந்த ஓரிரவில் பேசினார்கள் எனலாம்.

1969இல் அத்தா சுல்தானை வெளியூர் வியாபாரி ஒருவரிடம் விற்றார். பேருந்தும் சைக்கிள் ரிக்ஷாவும் பெருகி, சவாரி குறைந்து, கொள்ளு வாங்கவும் கட்டுப்படியாகவில்லை. பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டவர், அன்றிரவு சோற்றில் கை வைக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. இதனை அக்காள் பேத்தியிடம் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், ஆரோவிலை அடுத்துள்ள குதிரையேற்றப் பள்ளி ஒன்றுக்குப் போவதென முடிவாயிற்று. நானும் வருகிறேன் என்று அக்காள் சொன்னது எங்கள் அனைவருக்கும் வியப்பு. முழங்கால் வலியால் ஜும்ஆ நாளில்கூட வாசற்படி தாண்டாதவர், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காரின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார்.

செம்மண் திடல், முந்திரி மரங்கள், மூங்கில் வேலி. பழுப்பு நிறக் குதிரை ஒன்று அப்போதுதான் பயிற்சி முடிந்து திரும்பியிருந்தது. சிறுமி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஆயத்தமானாள். அக்காள் வேலியோரம் போய், கேளாமலே கையை நீட்டி, அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தார். கண் மூடியிருந்தது. சிறுமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அடங்கல" என்றார் அக்காள்.

"இருபத்திரண்டு" என்றாள் பேத்தி.

குதிரையைப் பிடித்திருந்த பையன் சிரித்துக்கொண்டே அதனை நிழலுக்குக் கொண்டுபோனான். நாங்களும் காத்திருந்தோம். மரப்பலகையில் பேத்தியைப் பக்கத்தில் இருத்திக்கொண்ட அக்காள், கொள்ளுக்குப் பிரெஞ்சு மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவள் தந்தைக்கும் தெரியவில்லை. பையிலிருந்து அக்காள் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவள் உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டினார்.